மாறுகொளக் கூறலும் மாறாத உண்மையும்

‘முரண்பாடு’ என்னும் சொல் இன்று எல்லார் நாவிலும் எளிதாகப் புரள்கின்றது. அரசியல் மேடையில் ஒருவர் மற்றவரைச் சாடவும், இல்லத்தில் பிள்ளைகள் பெற்றோரை மடக்கவும் அச்சொல் பயன்படுகின்றது. நம் சமயத்தாரை நோக்கியும் அது அடிக்கடி எழுப்பப்படுகின்றது. “ஒரு பொருளை உண்டு என்கிறீர்கள், இல்லை என்றும் சொல்கிறீர்கள். கொல்லாமை பேசுகிறீர்கள், ஏர் பூட்டி உழுகிறீர்கள். உயிர் அரிது என்கிறீர்கள். உண்ணாநோன்பால் உடல் துறப்பதைப் போற்றுகிறீர்கள். இவை முரண்பாடுகள் அல்லவா?” என்று வினவுவோர் உளர். வினவுவோருள் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கின்றனர். ஆதலின் இதனைத் தட்டிக் கழித்தல் ஆகாது. முதலில் அச்சொல்லின் பொருளை அறிந்து, அதன் பின்னர் அது நமக்குப் பொருந்துமா என்று பார்ப்பதே முறை.

சொல்லும் பொருளும்

‘முரண்’ என்பதற்குப் பழந்தமிழில் வலிமை, பகை, போர், மாறுபாடு எனப் பல பொருள்கள் உண்டு. வலிமையுடைய இரண்டு எதிர் எதிரே நிற்பதே முரண். அந்நிலையில் அதனைக் குற்றமென்று எவரும் கொள்ளவில்லை. மாறாக, அதனைச் செய்யுளுக்கு அழகாகவே கொண்டனர். மோனை, எதுகை, இயைபு, அளபெடை ஆகியவற்றோடு முரணையும் ஒரு தொடையாகத் தொல்காப்பியம் கூறுகின்றது. நம் சமணச் சான்றோராகிய அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகையும் அவ்வாறே வகுத்தது. இருளும் நிலவும், நெருப்பும் நீரும் என்றாற்போலச் சொல்லாலோ பொருளாலோ மாறுபடுவனவற்றை அடிகளில் எதிர் நிறுத்துவது முரண் தொடை. தண்டியலங்காரமும் ‘விரோதம்’ என்னும் ஓர் அணியை வகுத்துள்ளது. கேட்கும்போது மாறுபட்டதாகத் தோன்றிப் பொருள் விளங்கியதும் பொருந்துவதே அதன் சுவை.

குற்றமென விலக்கப்பட்டது வேறொன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை எண்ணுகின்றார். அவற்றுள் ஒன்று ‘மாறுகொளக் கூறல்’. தொல்காப்பிய மரபியலும் இதனை ஒரு குற்றமாகச் சொல்கின்றது. முன்னர்க் கூறியதனைப் பின்னர்க் கூறுவது அழிக்குமாயின் அது மாறுகொளக் கூறல். ஒரு பக்கத்தில் ஒன்றை நிறுவி, மறுபக்கத்தில் அதனையே இல்லையாக்கும் ஆசிரியனிடம் மாணாக்கன் எதனைக் கற்பான்? ஆசிரியப் பயிற்சியில் நன்னூலின் இப்பகுதியைக் கற்பிக்கும்போது நாம் வற்புறுத்தி வந்ததும் இதுவே. எதிர்ப்பொருள் இரண்டு அருகருகே நிற்பது முரண். ஒன்று மற்றொன்றைக் கொல்வது மாறுகொளல். பெயர் வேறாதற்கு ஏற்ப மதிப்பும் வேறாகின்றது.

அளவை நூலார் இக்குற்றத்திற்கு இன்னும் நுட்பமான பெயர் இட்டுள்ளனர். பௌத்த காப்பியமாகிய மணிமேகலையின் 29ஆம் காதை அளவை நெறியை விரிவாகக் கூறுமிடத்தில் ‘சுவசன விருத்தம்’ என்னும் போலியைக் குறிப்பிடுகின்றது. தன் சொல்லைத் தன் சொல்லே மறுப்பது என்பது அதன் பொருள். தன்னைப் பெற்ற தாயையே மலடி என்று ஒருவன் கூறுவது அதற்கு வழிவழியாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அவன் பிறந்து நின்று பேசுவதே அவன் பேச்சைப் பொய்யாக்கி விடுகின்றது. வாய்திறந்து, “யான் மௌன விரதம் பூண்டுள்ளேன்” என்று உரைப்பவனும் இவ்வகையினனே. இத்தகைய கூற்றை மறுக்கப் பிறர் வேண்டியதில்லை.

அதே காதையில் நம் கவனத்திற்குரிய மற்றொரு சொல்லும் உண்டு. ஏதுப் போலிகளுள் ஒன்று ‘அநைகாந்திகம்’. ஒலி அழியாதது, ஏனெனில் அது அறியப்படுவது என்று ஒருவர் வாதித்தால், அறியப்படுவனவற்றுள் அழிவனவும் உள, அழியாதனவும் உள. ஆகவே அவ்வேது ஒரு முடிவிற்கும் கொண்டு செல்லாது. ஒரு முடிவில் நில்லாமை அங்கே குற்றம். ஆனால் நம் அறத்தின் தலையாய கோட்பாட்டிற்கோ ‘அநேகாந்தம்’ என்பதே பெயர். ஓசையில் உடன்பிறந்தவை போன்ற இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. காரணம் ஒரு முடிவைத் தராமற் போவது வேறு; பொருள் பல தன்மைகளை உடையதாயிருப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறந்தவர் இரு திறத்தினர். ஒரு சாரார் அநேகாந்தத்தைத் தெளிவின்மை என்று இகழ்கின்றனர். மற்றொரு சாரார், அவர் பெரும்பாலும் நம்மவரே, தம் தெளிவின்மைக்கு அநேகாந்தம் என்று பெயரிட்டுக் கொள்கின்றனர்.

‘ஸ்யாத்’ என்னும் முத்திரை

ஸ்யாத்வாதத்தை ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று சிலர் மொழிபெயர்க்கின்றனர். அது தவறு. ‘ஸ்யாத்’ ஐயத்தைக் குறிப்பதன்று. ‘ஒரு நோக்கில்’ என்னும் எல்லையைக் குறிப்பது. தன் திரவியம், தன் இடம், தன் காலம், தன் பாவம் ஆகிய நான்கினால் ஒரு பொருள் உண்டு. பிறவற்றின் திரவியம், இடம், காலம், பாவம் ஆகியவற்றால் அப்பொருள் இல்லை. எங்கள் ஊர் முறுக்கைக் கொண்டே இதனை விளக்கலாம். அரிசி மாவால் ஆனது என்ற அளவில் அது உண்டு. கோதுமை மாவால் ஆனதாக அது இல்லை. மணப்பாறையில் சுட்டதாக உண்டு. மதுரையில் சுட்டதாக இல்லை. இன்று காலைச் சரக்காக உண்டு. நேற்றைய சரக்காக இல்லை. முறுகிய வடிவில் உண்டு; உருண்டை வடிவில் இல்லை. உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒரே முறுக்கைப் பற்றியவை. எனினும் ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. இல்லை என்பதை நீக்கிவிட்டால் முறுக்கும் அதிரசமும் ஒன்றாகிவிடும். இவ்வாறு உண்டு, இல்லை, உண்டும் இல்லையும், ஒருசேரச் சொல்லவொண்ணாது எனத் தொடங்கி, சொல்லவொண்ணாமையோடு முதல் மூன்றையும் தனித்தனியே சேர்க்க ஏழு பங்கிகள் அமைகின்றன.

இக்கோட்பாட்டைச் சங்கரர் தம் பிரம்ம சூத்திர உரையில் மறுத்தார். தட்பமும் வெப்பமும் ஒரு பொருளில் ஒருங்கே இருத்தல் கூடாதது போல, உண்மையும் இன்மையும் ஓரிடத்தில் கூடா என்பது அவர் வாதம். நம் மாவட்டத்துத் திருவரங்கத்தில் வாழ்ந்த இராமாநுசரும் ஸ்ரீபாஷ்யத்தில் அதே சூத்திரத்திற்கு உரை வரையுங்கால் சமணக் கொள்கையை மறுக்கின்றார். அப்பெருமக்களின் புலமைக்கு நாம் தலைவணங்குகின்றோம். அவர்கள் காத்த நியதி உயர்ந்த நியதியே. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் அதனையே சொன்னார். ஒரே பொருளுக்கு, ஒரே காலத்தில், ஒரே வகையில், ஒரு தன்மை உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒருங்கே பொருந்தா என்பது அவர் வகுத்த விதி. ‘ஒரே வகையில்’ என்னும் அச்சொற்களை உற்று நோக்குக. சமணம் இவ்விதியை மீறவே இல்லை. எவ்வகையில் என்பதைச் சொல்லாமல் எதையும் கூறாதே என்று அவ்விதியை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதே ‘ஸ்யாத்’. நம் தமிழ்க் காப்பியமாகிய நீலகேசி பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்லும் கதையும் இந்நெறியைக் காக்கும் பொருட்டே எழுந்தது. அதனைச் சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். நம் இளைஞர் அதனை ஒருமுறையேனும் கற்றல் வேண்டும்.

“எல்லாம் அநேகாந்தம் என்பது மட்டும் ஏகாந்தம் அல்லவா? அதுவே சுவசன விருத்தம் ஆயிற்றே” என்று கேட்கும் கூர்மதியினரும் உண்டு. சமந்தபத்திர ஆசாரியர் இதனை எதிர்நோக்கி விடை தந்துள்ளார். அநேகாந்தமும் அநேகாந்தமே என்பது அவர் விடை. முழுமையை நோக்கும் பிரமாணத்தால் பொருள் பல தன்மையது. ஒரு கூற்றை நோக்கும் நயத்தால் அது ஒரு தன்மையது. கோட்பாடு தன்னையும் தன் அளவுகோலால் அளந்து கொள்கின்றது.

எவ்வகையில் என்று கேட்டல்

இக்கல்வி ஏட்டளவில் நிற்பதன்று. சுவேதாம்பர ஆகமமாகிய பகவதி சூத்திரத்தில் கௌசாம்பியைச் சேர்ந்த ஜயந்தி என்னும் இல்லறப் பெண்மணி பகவான் மகாவீரரிடம் வினாக்கள் கேட்கின்றாள். உறங்குவது நன்றா, விழித்திருப்பது நன்றா என்பது அவற்றுள் ஒன்று. சிலர் உறங்குவது நன்று, சிலர் விழித்திருப்பது நன்று என்று பகவான் விடையிறுத்தார். தீவினையாளர் உறங்கும்போது பிற உயிர்களுக்குத் துன்பம் குறைகின்றது. அறவோர் விழித்திருக்கும்போது பிற உயிர்களுக்கு நன்மை விளைகின்றது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது இரட்டைப் பேச்சு. ‘யார்’ என்னும் வினாவைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு இதனினும் தெளிவான விடை இல்லை.

உழவைப் பற்றிய வினாவிற்கும் இவ்வாறே விடை காணலாம். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் தொன்றுதொட்டு உழுதுண்டு வாழ்பவர். கலப்பை செல்லும் தடத்தில் சிற்றுயிர்கள் மடிகின்றன என்பதை நாம் மறைப்பதில்லை. நம் நூல்கள் துறவியின் மகாவிரதத்தையும் இல்லறத்தாரின் அணுவிரதத்தையும் பிரித்தே வகுத்துள்ளன. கொல்லவேண்டும் என்று கருதிச் செய்யும் சங்கல்ப இம்சை, இல்வாழ்வின் வினைகளில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்தியோக இம்சை, தற்காப்பில் நேரும் விரோத இம்சை என நான்காக அதனைப் பகுத்து, முதலாவதனை இல்லறத்தான் முற்றிலும் விலக்கவும், ஏனையவற்றை இயன்ற மட்டும் குறைக்கவும் விதித்தன. உழவன் எடுத்த விரதம் இதுவாயின், அவன் ஏரும் விரதமும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. நிறைவு பெறாத விரதம் என்று அதனைச் சொல்லலாம். குறைவு வேறு, முரண்பாடு வேறு.

சாக்குப் போக்கு ஆகாமை

இவ்வளவும் கேட்ட ஒருவர், “அப்படியாயின் எதைச் செய்துவிட்டும் ‘ஒரு நோக்கில்’ என்று தப்பித்துக் கொள்ளலாமே” எனக் கேட்கக்கூடும். உண்மையில் நம்மை எதிர்நோக்கும் ஆபத்து இதுவேயாகும். பிறருடைய மறுப்பைக் காட்டிலும் நம்மவருடைய தவறான பயன்பாடே கோட்பாட்டிற்குப் பெருங்கேடு.

மணப்பாறை மாட்டுச் சந்தையைப் பலரும் அறிவர். துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்களையும் அங்குக் காணலாம். பால் வற்றிய பசுவை அங்கு விற்றுவிட்டு, “நாம் விற்றோம், அவ்வளவே, வாங்கியவன் என்ன செய்தாலும் அது அவன் வினை” என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். அவர் கோயிலில் கொல்லாமைச் சொற்பொழிவைக் கேட்டுக் கண்ணீர் மல்குபவராகவும் இருக்கலாம். ‘விற்ற நோக்கில் இம்சை இல்லை’ என்பது நயவாதம் ஆகுமா? ஆகாது. ஏனெனில் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றையும் வினையாகவே நம் நூல்கள் முன்னரே எண்ணி வைத்துள்ளன. அந்தப் பசு எங்கே போகின்றது என்று அறிந்தே விற்றவர், தாம் ஏற்றுக்கொண்ட நெறியின் சொல்லாலேயே மறுக்கப்படுகின்றார். தீவனம் வாங்க வழியின்றி, மனம் நொந்து, “எம்மால் இயலவில்லை” என்று சொல்லி விற்கும் ஏழையின் நிலை வேறு. அவரிடம் ஆற்றாமை உண்டு, மாறுகொளல் இல்லை. அவருக்கு உதவ முன்வராமல் அவரை இகழும் செல்வரிடமே அது மிகுதி.

வாணிகத்திலும் இவ்வாறே. குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் கொள்வதை உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக வைக்கின்றது. “கடை வேறு, கோயில் வேறு” என்பார்க்கு அங்கே இடமே இல்லை. இன்னும் சிலர் குந்தகுந்தரின் சமயசாரத்தை மேற்கோள் காட்டி, நிச்சய நயத்தில் ஆன்மா பிற பொருள்களுக்குக் கர்த்தா அன்று, ஆகவே தமக்குப் பழி இல்லை என்பர். அவர்களே பிறர் தம்மிடம் வாங்கிய கடனைத் திருப்பாதபோது நிச்சய நயத்தை மறந்து விடுவர். தனக்கு ஒரு நயம், பிறர்க்கு ஒரு நயம் என்று வைத்தவன் ஸ்யாத்வாதி அல்லன்.

ஆதலின் ஒரு கூற்றையோ செயலையோ முரண்பாடு என்று முடிவு கட்டுமுன் நான்கு வினாக்கள் கேட்டுப் பார்த்தல் நலம். இரு கூற்றுகளும் ஒரே பொருளைப் பற்றியவையா? ஒரே காலத்தைப் பற்றியவையா? ஒரே நோக்கில் கூறப்பட்டவையா? இம்மூன்றும் அளவை நூலார் தந்தவை. நான்காவது வினா அறத்தைச் சார்ந்தது. எல்லை முன்னரே வகுக்கப்பட்டதா, அல்லது அகப்பட்டுக் கொண்ட பின்னர்த் தேடப்பட்டதா? செயலுக்கு முன் சொல்லப்பட்ட எல்லை விரதம். செயலுக்குப் பின் சொல்லப்படும் எல்லை பெரும்பாலும் சாக்கு. முதல் மூன்றில் தேறியவரும் நான்காவதில் தோற்பது உண்டு.

சல்லேகனை: ஒரு சோதனை

இந்நான்கு வினாக்களையும் கடினமானதோர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். சல்லேகனை தற்கொலைக்கு நிகரானது எனவும், அக்காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 306, 309ஆம் பிரிவுகளின் கீழ்க் குற்றமாகும் எனவும் இராசத்தான் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்டு 10 அன்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் சமண மக்கள் அமைதியாகத் தம் வருத்தத்தைத் தெரிவித்தனர். அதே மாதம் 31 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பிற்குத் தடை வழங்கியது. சட்டத்தைப் பற்றிய முடிவு சட்டம் கற்றோர்க்கு உரியது. “கொல்லாமையை முதலறமாகக் கொண்டோர் தம்மைத் தாமே மாய்த்துக் கொள்ளுதல் முரண் அன்றோ?” என்னும் வினாவோ நமக்கு உரியது.

தமிழகத்தில் இந்நோன்பு பழமையானது. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்றதைக் கூறும் கல்வெட்டு உள்ளது. அவர் நிசீதிகை அது. அடுத்த மாவட்டமாகிய புதுக்கோட்டையின் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளைக் கண்டோர், துறவோர் உடலை எவ்வளவு குறைவாகப் பேணினர் என்பதை உணர்வர். ஆயினும் பழமை மட்டும் விடையாகாது.

விடை, இம்சை என்பதற்கு நம் நூல் தரும் இலக்கணத்தில் உள்ளது. கவனமின்மையும் கஷாயமும் உந்த உயிரைப் போக்குதல் இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் வகுத்தது. சினம், செருக்கு, வஞ்சம், பற்று ஆகியவற்றை மெலிவித்தலே சல்லேகனையின் உள்ளீடு. உடலை மெலிவித்தல் அதன் புறம். இவ்விலக்கணம் வழக்குமன்றத்திற்கு அஞ்சிப் பின்னர்த் தேடியதன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டது. எப்போது இந்நோன்பு தகும் என்பதையும் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வரையறுத்தார். தீர்க்கவியலாத இடையூறு, பஞ்சம், முதுமை, நோய் ஆகியவை நேர்ந்த காலத்து மட்டுமே அது கூறப்பட்டது. அந்நூலின் வழியில் அமைந்த அருங்கலச்செப்பும் தமிழில் இதனைப் பேசுகின்றது.

இதனினும் சிறந்த சான்று ஒன்றுண்டு. சல்லேகனைக்குரிய ஐந்து அதிசாரங்களுள் உயிர்வாழ விரும்புதல் ஒன்று. இறக்க விரும்புதல் மற்றொன்று. நண்பர்மேற் பற்று, பண்டைய இன்பத்தை நினைந்து ஏங்குதல், மறுமைப் பயனை வேண்டுதல் ஆகியன ஏனையவை. வாழவும் விரும்பாதே, சாகவும் விரும்பாதே என்பது காதிற்கு முரணாக ஒலிக்கின்றது. உற்று நோக்கினால், தற்கொலையின் வேரே அங்குக் களையப்படுகின்றது. வாழ்வை வெறுத்துச் சாவை நாடுபவன் அந்நோன்பிற்குத் தகுதி உடையவன் அல்லன்.

அவ்வெல்லை நம்மையும் கட்டுப்படுத்தும் என்பதை மறத்தல் ஆகாது. துயரத்தால் சாக விரும்பும் ஒருவரை, மருத்துவத்தால் தேறக்கூடிய ஒருவரை, தாம் பிறர்க்குப் பாரமாகிவிட்டோம் என்று கலங்கும் முதியவரை நோன்பின் பெயரால் ஊக்குவிப்போமாயின், அங்கே எதிர்ப்பாளரின் குற்றச்சாட்டு உண்மையாகிவிடும். முதுமையில் இருக்கும் நாம் இதனைத் துணிந்தே சொல்கின்றோம். பெரியோர் நோற்ற நோன்பிற்கு விழா எடுக்கும் குடும்பம், அப்பெரியவருக்கு அதற்கு முன் வேளா வேளைக்கு உணவும் மருந்தும் ஆறுதல் மொழியும் அளித்ததா என்றும் தன்னைக் கேட்டுக் கொள்ளுதல் வேண்டும். இவ்வினாவிற்கு விடையளிக்க இயலாதவர் நீதிமன்றத்தின்மேல் குறை கூறுதல் பொருந்தாது.

இளையோர்க்கு

ஆகவே, ‘முரண்பாடு’ என்று பிள்ளைகள் கேட்கும்போது அவர்கள் வாயை அடைத்தல் கூடாது. அளவை நூலின் முதற்படியில் அவர்கள் கால் வைத்துள்ளனர் என்று மகிழ்தல் வேண்டும். ‘எவ்வகையில்?’ என்று அவர்களையே திருப்பிக் கேட்கப் பழக்குவோம். பிறர் பேச்சில் மாறுகொளல் காணுமுன், அவர் எந்நோக்கில் சொன்னார் என்று ஆராய்தல் அகிம்சையின் ஒரு கூறு. சொல்லாலும் பிறரைத் துன்புறுத்தாமை அது. தம் பேச்சிலும் செயலிலும் மாறுகொளல் காணுங்கால் நயங்களைத் தேடி ஓடாமல் அதனை அப்பெயராலேயே அழைத்தல் வாய்மையின் கூறு. பிறர்பால் ஸ்யாத்தைத் தாராளமாகவும் தம்பால் கண்டிப்பாகவும் வழங்குதல் இல்லறத்தார்க்கு ஏற்ற நெறி என்பது நம் கருத்து.

பவணந்தியார் நூலுக்குச் சொன்ன குற்றம் வாழ்விற்கும் பொருந்தும். நம் காலைப் பொழுதின் வழிபாட்டை நம் மாலைப் பொழுதின் கணக்கேடு மறுக்காதிருக்க நாள்தோறும் முயல்வோமாக.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!